மத்திய ரங்கத்திலிருந்து ஆதி ரங்கத்துக்கு: சைக்கிள் விருந்தினருக்கு ஒரு வழி

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று ஜெர்மனியிலும் ஹாலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்க்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வரும்போது உடன் வேலை பார்க்கும் நண்பர்களையும் அழைத்து வருகிறார்கள். அவர்களில் சிலர் சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்து விமானத்திலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "மைசூர் வரை ஓட்டிப் போகப் போகிறோம், வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்ததோ காரிலும் பஸ்ஸிலும் போன வழி. அதையே சொல்லி அனுப்பிவிட்டு, மாலை வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோரை நான் அறிவேன். சில ஆண்டுகளாக இந்த வழி பார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் பொறுப்பாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தள்ள வேண்டியது பெங்களூர் – மைசூர் விரைவுச் சாலை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட இச்சாலையின் நடுப்பகுதியில், அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. பக்கச் சாலையில் போகலாமே என்பார்கள். போகலாம்தான், ஆனால் எதிர்த்திசையில் வரும் வண்டிகளும், கடை வாசலில் நிற்கும் லாரிகளும், மதிலைத் தவிர வேறு காட்சியும் இல்லாத பாதை அது. விருந்தினர் பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தது இதைப் பார்க்க அல்ல.

நான் சொல்வது கனகபுரா வழி. பஸ்ஸில் சத்தியமங்கலம் வழியாகக் கோவைக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான சாலை. ஆனால் சைக்கிளைக் கனகபுரா வரை ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். நகரை விட்டு வெளியேறும் அந்த ஐம்பது கிலோமீட்டரில் அழகும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. "முழுவதும் ஓட்டினால்தான் கணக்கு" என்று சில இளைஞர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அந்தக் கணக்கை ஊர் திரும்பி அவர்கள் நாட்டில் தீர்த்துக்கொள்ளட்டும்.

திசையும் முக்கியம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், மைசூர் சுமார் 770. இடையில் மேடு பள்ளம் உண்டு என்றாலும் மொத்தத்தில் இறக்கம்தான். டிசம்பர், ஜனவரியில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மைசூர் போகிறவருக்கு முதுகில் தள்ளும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேல்காற்று. அப்போது அதே பாதை இரட்டிப்பு வேலை வாங்கும். அந்த மாதங்களில் வருபவர்களை நான் மைசூரிலிருந்து இந்தப் பக்கமாக ஓட்டச் சொல்வேன்.

முதல் நாள் கனகபுராவிலிருந்து சாத்தனூர், ஹலகூர் வழியாக மளவள்ளி, சுமார் 50 கிலோமீட்டர். இது தேசிய நெடுஞ்சாலைதான். ஆனால் கனகபுராவைத் தாண்டினால் நெரிசல் குறைகிறது. பாறைக் குன்றுகள், ராகிக் கொல்லை, மல்பெரித் தோட்டம் என்று கண்ணுக்குக் குறைவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. சாலைக்குத் தெற்கே காவிரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. முத்தத்தி, சங்கமம் என்று கைகாட்டிப் பலகைகள் ஆசை காட்டும். அந்தக் கிளைச் சாலைகள் யானை நடமாடும் காட்டுக்குள் இறங்குகின்றன. காருக்குள் இருப்பவருக்கு யானை ஒரு காட்சி. சைக்கிளில் இருப்பவருக்கு அப்படி அல்ல. வெயில் நன்றாக ஏறிய பிறகே கனகபுராவிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள். கிளைச் சாலையில் திரும்ப வேண்டாம் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். மளவள்ளியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் சிவசமுத்திரம். காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவிகளாக விழுகிறது. 1902இல் இங்கே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். பெங்களூருக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். தங்கவயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள் என்பதை விருந்தினருக்குச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஆற்றின் குறுக்கே கற்றூண்களை நாட்டிப் பாலம் கட்டுவித்தவரும் இராமசாமி முதலியார் என்ற தமிழர்தான். தீவிலே பள்ளிகொண்டிருப்பவர் மத்திய ரங்கர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதி ரங்கர், நம் ஸ்ரீரங்கத்தில் அந்திய ரங்கர். ஆக நம் விருந்தினர், தெரிந்தோ தெரியாமலோ, நடு அரங்கத்திலிருந்து முதல் அரங்கத்துக்குப் போகிறார்கள்.

சிவசமுத்திரத்திலிருந்து நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ஆற்றின் வடகரைக் கிராமச் சாலைகளில் தலைக்காடு. கங்கர்களின் தலைநகரான இவ்வூரைப் பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழர் கைப்பற்றி இராசராசபுரம் என்று பெயரிட்டார்கள். நூறாண்டு கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களிடமிருந்து வென்று கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். மணலில் சைக்கிள் உருளாது. கடைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நடக்க வேண்டும். ஆறு இங்கே பரந்து அமைதியாகத் தெரியும். மணலுக்கு அடியில் இருக்கும் பள்ளங்களில் பலர் மூழ்கியிருக்கிறார்கள். வியர்வையோடு வருபவர்களுக்குக் குளிக்கத் தோன்றுவது இயல்பு. கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்றிரவு திருமகூடல் நரசீபுரம். கபினி காவிரியில் சேரும் இடம்.

சனி, ஞாயிறில் மட்டும் இந்தப் பகுதிக்கு அனுப்பாதீர்கள். அருவிக்கும் தலைக்காட்டுக்கும் வரும் கார்களின் வேகம் கிராமச் சாலைக்கு ஏற்றதல்ல.

மூன்றாம் நாள் சோமநாதபுரம். 2023இல் பேலூர், ஹளேபீடு கோயில்களோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கேசவர் கோயில் இங்கே. பிறகு பன்னூர், அரகெரே வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம். இருபுறமும் நெல், கரும்பு, தென்னை. கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர்கள் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடி வரும். அவற்றை முந்தாமல் ஓரமாக நின்றுவிடுவது நல்லது.

இந்த நாட்டுப்புறச் சாலைகளின் அபாயம் நகரத்து அபாயம் போன்றதல்ல. அறுவடைக் காலத்தில் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள்; வண்டிகள் ஏறி மிதித்துத் தானியம் உதிரும். காருக்கு ஒன்றும் இல்லை. சைக்கிளுக்கோ, தாள் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், சங்கிலியில் சிக்கும், டயர் வழுக்கும். இறங்கித் தள்ளிப் போக வேண்டியதுதான். வண்ணம் பூசாத வேகத்தடைகளும் உண்டு. தார் ஓரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே அரை முழப் பள்ளம் இருந்தால், அந்தச் சாலையில் லாரி வரும் நேரத்தை விசாரிக்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

கால்வாய்க் கரைச் சாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமதளம், நிழல், லாரி இல்லை. ஹாலந்துக்காரருக்குச் சொந்த ஊர் நினைவு வந்துவிடும். ஆனால் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது, நீரோட்டமும் வேகம். 2018 நவம்பரில் பாண்டவபுரம் அருகே ஒரு பஸ் விசுவேசுவரய்யா கால்வாயில் கவிழ்ந்து 30 பேர் மாண்டார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். கால்வாய் இடப்பக்கம் இருந்தால், பின்னால் வரும் வண்டி நம்மை நீரை நோக்கி ஒதுக்கும். அதனால் கால்வாய் வலப்பக்கம் வரும் திசையில் மட்டுமே அந்தச் சாலைகளைச் சொல்கிறேன். எதிர்த்திசை என்றால் ஊருக்குள் போகும் சாலைதான், அழகு குறைந்தாலும்.

மைசூர் போனபின் ஊட்டி என்பார்கள். பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 வரை வாகனங்களுக்கே தடை உண்டு. பகலில்கூட சைக்கிளில் அனுப்ப எனக்கு மனம் வராது. குண்டலுப்பேட்டையில் வண்டியில் ஏற்றிக் கூடலூரில் இறக்கிவிட்டால், அங்கிருந்து ஏற எவ்வளவோ மலை இருக்கிறது.

தங்குமிடம் முன்பே பேசி வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அரசுக்குத் தகவல் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சிச் சிறிய ஊர் விடுதிகள் இடமில்லை என்று சொல்லிவிடும். நம் வீட்டில் தங்கவைத்தாலும் அந்தப் பதிவு நம் கடமை. டியூப் இரண்டும் காற்றடிக்கும் பம்பும் அவர்களே கொண்டுவர வேண்டும். மளவள்ளிக் கடைக்காரருக்கு நம் ஊர் சைக்கிளின் டியூப் தெரியும்; அவர்கள் டயரின் மெல்லிய வால்வைப் பார்த்தால் சிரிப்பார். ஊர்ப் பெயர்களையும், "குடிநீர் எங்கே", "இந்தச் சாலை எங்கே போகிறது" என்ற இரண்டு கேள்விகளையும் கன்னடத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். 108, 112 ஆகிய எண்களையும் அதிலேயே எழுதுங்கள்.

திரும்புவதற்கு ரயில். மைசூர் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்து, அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். வண்டி கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.