ரெக்கார்டிங்கில் சிவப்பு விளக்கு எரிகிறதா? ‘கெய்ன்’ எவ்வளவு வைக்கலாம்?

வீட்டிலேயே பாட்டு, பாட்காஸ்ட் பதிவு செய்பவர்கள் பலர், ‘சத்தம் பத்தலையே’ என்று ஆடியோ இன்டர்ஃபேஸின் கெய்ன் குமிழை ஏற்றிக்கொண்டே போவார்கள். மேல் ஸ்தாயி வந்ததும் குரல் உடைந்து கரகரக்கும்.

ஏன் உடைகிறது?
டிஜிட்டல் பதிவின் உச்ச வரம்பு 0 டெசிபல். அதைத் தாண்டும் ஒலி அலையின் முனை வெட்டுப்பட்டுவிடும். இதுதான் ‘கிளிப்பிங்’. வெட்டுப்பட்டதை மென்பொருள் ஓரளவு ஒட்டுப்போடும். அசலை மீட்டுத் தராது.

மென்பொருளில் ஃபேடரைக் குறைத்தால் போதாதா?
போதாது. ஃபேடர் நமக்குக் கேட்கும் அளவைத்தான் மாற்றும். பதிவாகும் அளவு இன்டர்ஃபேஸின் கெய்ன் கையில்.

எப்படி செட் செய்வது?
பாட்டிலேயே சத்தமான வரியை, பதிவின்போது நிற்கும் அதே தூரத்தில் நின்று முழு மூச்சோடு பாடச் சொல்லுங்கள். மீட்டரில் சராசரி -18, உச்சம் -10 டெசிபல் அருகே நிற்கட்டும். உண்மையான டேக்கில் உற்சாகத்தில் குரல் இன்னும் ஏறும். அதற்குத்தான் இந்த இடைவெளி.

அலைவடிவம் சின்னதா தெரியுதே?
பரவாயில்லை. 16 பிட்டின் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபல். 24 பிட்டில் கணக்குப்படி 144. எனவே 24 பிட்டில் பதிவு செய்தால், பின்னர் சத்தத்தை ஏற்றும்போது தரம் கெடாது. பாடுபவருக்குச் சத்தம் பத்தவில்லை என்றால் ஹெட்போன் குமிழைத் திருப்புங்கள்.

குறைவாகப் பதிவான டேக்கை ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த டேக்கைத் திரும்பப் பாட வேண்டியதுதான். முதல் தடவை வந்த அந்த பாவம் மறுபடி வருமா என்பது சந்தேகமே.