சொற்புதிரும் விளையாட்டுப் பாட்டும்

நாளிதழ்களிலே சொற்புதிர்கள் வெளிவருதலை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆர்தர் வின் என்பார் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர் 1913ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் இதழில் வெளிவந்தது. பின்னர் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவிற்று.

கட்டங்கள் நிரம்பியதும் புதிர் முடிந்துவிடுகிறது. கண்டறிந்த சொல்லோ மறுநாளே மறந்துபோகிறது. அச்சொல்லை வைத்து ஒரு சிறு பாட்டுக் கட்டுவோமாயின், அது என்றும் நம் உடைமையாகும்.

இவ்விளையாட்டு நம் முன்னோர்க்கும் உவப்பானதே. ஒரு சொல்லின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்க, வேறு வேறு சொற்கள் தோன்றுமாறு பாடுதலை அக்கரச் சுதகம் என்று தண்டியலங்காரம் கூறும். ‘பெரிய ஊர், ஐந்தெழுத்து’ என்பது புதிர் எனக் கொள்வோம். அதன் விடையைக் குறள் வெண்பாவில் இவ்வாறு மறைத்து வைக்கலாம்:

முதலெழுத்துப் போக நகரம், இனியும்
அதில்முதல் நீங்கக் கரம்.

விடை ‘மாநகரம்’ என்பதாம். ‘மா’ நீங்கின் நகரம். ‘ந’ என்பதும் நீங்கின் கையைக் குறிக்கும் கரம்.

நீங்களும் இவ்வாறு முயலலாம். முதற்கண் எழுத்துக்களை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது பொருளுடைய சொல்லாயின் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்ச் சீரும் தளையும் பொருந்தத் தொடுங்கள். ஓசை நிரம்புதற்பொருட்டுப் பொருளற்ற சொல்லை நுழைத்தல் ஆகாது; அது விளையாட்டையும் கெடுக்கும், பாட்டையும் கெடுக்கும்.

நாளொரு சொல்லை இங்ஙனம் ஆராய்வார்க்குச் சொல்வளம் பெருகும். யாப்பிலக்கணமும் அச்சந்தரும் பாடமாக இராது, ஆடிப் பழகிய முற்றம்போல் இனிதாகும்.