வசூலிக்காத வரியின் விலை

2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய டிரம்ப், லெசோத்தோ என்றொரு நாட்டை யாருமே கேள்விப்பட்டதில்லை என்று கிண்டலடித்தார். சபையில் சிரிப்பு. அடுத்த மாதமே அந்த நாட்டுச் சரக்குக்கு 50 சதவிகித வரி அறிவித்தார். அன்றைய பட்டியலில் அதைத் தாண்டிய வரி எந்த நாட்டுக்கும் இல்லை.

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த, சுமார் 23 லட்சம் பேர் வாழும் இந்த மலைநாடு செய்த பாவம், ஜீன்ஸ் தைத்து அனுப்பியது. 2000-ல் வந்த அமெரிக்காவின் ‘அகோவா’ சட்டத்தின் வரிவிலக்கை நம்பி, தைவான், சீன முதலாளிகள் மசேருவிலும் மபுட்சோவிலும் ஆலைகள் திறந்தார்கள். லீவைஸ், ராங்லர் ஜீன்ஸ்கள் அங்கே தைக்கப்பட்டன. தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வரி போட்ட கணக்கைப் பாருங்கள். வர்த்தகப் பற்றாக்குறையை இறக்குமதி மதிப்பால் வகுத்து, வந்த விடையில் பாதி. 2024-ல் லெசோத்தோவிடம் அமெரிக்கா வாங்கியது சுமார் 23.7 கோடி டாலருக்கு. விற்றதோ 30 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. வகுத்தால் 99 சதவிகிதம், பாதி சுமார் 50! சம்பளத்தில் வாடகையும் சோள மாவும் போக மிச்சமில்லாதவர்கள் அமெரிக்காவிடம் எதைத்தான் வாங்குவார்கள்?

அமலுக்கு வந்த அன்றே அந்த 50 நிறுத்திவைக்கப்பட்டு 10 ஆனது, ஆகஸ்டில் 15. ஆனால் ஆர்டர் அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆயத்த ஆடைக்குப் பல மாதம் முன்னதாகவே ஆர்டர் கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பலேறும் சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் நாளில் வரி எவ்வளவு என்று தெரியாமல் எந்த பையர் கையெழுத்துப் போடுவார்? சில ஆலைகள் ஷிப்டைக் குறைத்தன, சில பூட்டப்பட்டன. அமெரிக்க உதவி நிதியும் வெட்டப்பட்டிருந்த நேரம். வேலையின்மையைக் காரணம் காட்டி ஜூலையில் லெசோத்தோ அரசு தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது, 2027 ஜூன் வரைக்கும். மழையோ பூகம்பமோ இல்லாத பேரிடர்.

2025 செப்டம்பர் 30-ல் அகோவாவும் காலாவதியானது. பருத்தி ஜீன்ஸுக்கு 16.6 சதவிகித வழக்கமான சுங்கம், அப்போதிருந்த 15-க்கு மேல் வந்து உட்கார்ந்தது.

நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கலாமென்றால் அதுவும் கையில் இல்லை. லெசோத்தோவின் லோட்டி, தென்னாப்பிரிக்க ராண்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு விற்கும் ஆற்றுநீர் கஜானாவுக்குக் காசு தரும், ஆயிரக்கணக்கில் வேலை தராது. இங்கே தோண்டியெடுக்கும் வைரத்தின் விலையை ஆய்வக வைரம் இறக்கிவிட்டது. பக்கத்துத் தென்னாப்பிரிக்கச் சந்தைக்குத் தைக்கச் சொல்கிறது அரசு. எல்லையில் சுங்கம் இல்லை, லாரியிலேயே சரக்கு போய்விடும், யோசனை நல்லதுதான். ஆனால் அங்கே எதிரே நிற்பது ஆன்லைன் கடைகளான ஷீஇன், டெமுவின் மலிவுத் துணி.