சமூகப் பொறுப்பும் கணிப்பொறிக் கணக்கும்

மட்டாஞ்சேரி கணக்கறிந்த ஊர். மிளகுக்கு முன்பேர வாணிபம் நடத்தும் அமைப்பு 1957-ஆம் ஆண்டிலேயே இங்கு யூதத் தெருவில் தோன்றிவிட்டது. இத்தகைய ஊரில் வணிக மென்பொருளைப் பற்றிப் பேசுவது புதுமையன்று. எனினும் இன்று நாம் நோக்கவிருப்பது இலாபக் கணக்கன்று. இலாபத்தில் ஒரு பகுதியைச் சமுதாயத்திற்குத் திருப்பியளிக்கும் கணக்கு.

இக்கடமையை விதித்தது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டை நற்பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது.

மட்டாஞ்சேரியை அடுத்து, கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னுமிடத்துத் தோபிகானாவை நேயர்கள் பலர் அறிவர். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர் உழைக்குமிடம் அது. இடவப்பாதி மழை தொடங்கினால் துணி காய்வதில்லை. ஒரு நிறுவனம் அவர்களுக்கு உலர்த்தும் இயந்திரமும் கொட்டகையும் 12 இலட்சம் ரூபாயில் அமைத்துத் தர எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். மென்பொருளில் என்ன நிகழும்?

முதலில் திட்டத்திற்கு ஓர் எண் பிறக்கும். ஒதுக்கீடு, தவணைகள், ஒவ்வொரு தவணைக்கும் நேரான பணிக்கட்டம் ஆகியவை அவ்வெண்ணின்கீழ் ஏறும். கொட்டகை எழும்பிய படமும் செலவுச் சான்றும் வந்து சேராமல் அடுத்த தவணையை அது விடுவிக்காது. தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியே பணி நடந்தால், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட அதன் பதிவெண்ணையும் கேட்கும். இவையெல்லாம் நல்ல கணக்கப்பிள்ளை செய்யக்கூடியவையே. அவர் களைப்படைவார், இது களைப்படையாது.

உண்மையான சிக்கல் மார்ச் 31-ஆம் நாளில் எழுகிறது. கொட்டகை பாதியில் நிற்கிறது. 5 இலட்சம் மீதமிருக்கிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஆண்டுகளைக் கடந்து தொடரும் திட்டம் என்று இயக்குநர் குழு அதனை ஏற்றிருந்தால், அத்தொகை 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கிற்குச் சென்று, மூன்று நிதியாண்டுகள்வரை அதே பணிக்குக் காத்திருக்கலாம். அவ்வாறு ஏற்காவிடில், ஆறு மாதங்களுக்குள் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் குறித்த தேசிய நிதி ஒன்றிற்குப் போய்விடும். கொட்டகை கூரையின்றி நிற்கும். அந்த முடிவைத் தொடக்கத்திலேயே திரையிற் குறித்து, கெடு நெருங்குமுன் எச்சரிப்பதுதான் மென்பொருள் செய்யும் பேருதவி என்பது நம் கருத்து.

இயந்திரம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. இவ்வாறு உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள விதிகள் இடந்தரவில்லை. பதிவு பெற்ற சங்கமோ, பயனாளிகளின் சுயஉதவிக் குழு போன்ற கூட்டமைப்போ, அரசு அமைப்போ அதனை உடைமையாகக் கொள்ளலாம். ஆகவே தொழிலாளர் சங்கத்தின் பெயர் சொத்துப் பதிவில் பிழையின்றி ஏறியுள்ளதா என்று கேட்டறிவது சங்கத்தாரின் கடமை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் கவனிக்கவேண்டியது மற்றொன்று. நிறுவனம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தருமாறு சட்டம் கூறுகிறது. அது இடத்தைக் குறித்ததேயன்றிப் பூர்விகத்தையோ தாய்மொழியையோ குறித்ததன்று. பயனாளிப் பட்டியலில் நிலையான முகவரி என்றொரு கட்டத்தை அமைத்து, அதில் கேரளம் என்றிராத பெயர்களை வடிகட்டிவிட்டால், அது சட்டத்தின் குற்றமாகாது. கட்டம் அமைத்தவரின் குற்றமாகும். தற்போது வாழும் முகவரியே போதுமென்று சங்கத்தார் முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

நிறுவனங்கள் செலவிட்ட தொகையை மத்திய அரசின் வலைத்தளத்தில் எவரும் காணலாம். ஆனால் இயந்திரம் ஓடுகிறதா என்பதை அங்கே காண இயலாது. மின்கட்டணம் கட்டிய நாள், பழுதுபார்த்த நாள், உலர்த்திய துணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சங்கம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தால், அடுத்த தவணைக்குச் சான்று கேட்கும்போது அதையே எடுத்து நீட்டலாம்.