சி.ஆர்.பி. நார்மல், கண் மட்டும் சிவப்பு

கண் சிவந்தால் நம் ஊரில் முதல் தீர்ப்பு ‘மெட்ராஸ் ஐ’. கறுப்புக் கண்ணாடி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து, நாலு நாள் லீவு. பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பீளையே இல்லாமல், வெளிச்சம் பட்டாலே கூசி, உள்ளுக்குள் வலித்து, பார்வையும் மங்கினால் யுவியைடிஸாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு சக்தி தடம் மாறி விழியின் நடுப்படலத்தையே தாக்குவது இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

எண் எங்கே இருக்கிறது?

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. கண் சின்ன உறுப்பு. அதற்குள் மட்டும் அழற்சி என்றால் ரத்தத்தில் இந்த அளவுகள் அசையாமலே இருக்கலாம். ‘ரிப்போர்ட் நார்மல்தானே’ என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பகமான கணக்கு ஸ்லிட் லேம்ப்பில் இருக்கிறது. இருட்டறையில் தாடையைக் கருவியில் வைத்ததும், மருத்துவர் ஒளிக்கீற்றைக் கண்ணின் முன்னறைக்குள் பாய்ச்சி, அங்குள்ள நீரில் மிதக்கும் அணுக்களை எண்ணுவார். ஒரு மில்லிமீட்டர் நீள, அகலக் கீற்றில் 6 முதல் 15 இருந்தால் 1+. 50-ஐத் தாண்டினால் 4+. 2005-இல் வெளியான சர்வதேச வரையறை இது. விழித்திரை வீங்கியிருக்கிறதா என்பதை ஓ.சி.டி. ஸ்கேன் மைக்ரான் கணக்கில் காட்டும்.

அப்படியானால் ரத்தம் எதற்கு?

காரணம் தேட. காலையில் இடுப்பு விறைத்து, நடக்க நடக்க இளகுகிறது என்று சொல்லும் இளைஞருக்கு எச்.எல்.ஏ. பி27 பார்ப்பார்கள். அது மரபணு, ஒருமுறை பார்த்தால் போதும், ஆண்டுதோறும் காசைக் கரைக்க வேண்டாம். நோயே இல்லாத பலருக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஏ.சி.இ. அளவு கேட்பார்கள், பி.பி.க்கு எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிட்டால் அது குறைத்துக் காட்டும். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

காசநோய், சிபிலிஸ் பரிசோதனைகளைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. கிருமியால் வந்ததைத் தன்னெதிர்ப்பு நோய் என்று எண்ணி வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகும். 1993-இல் மதுரையைச் சூழ்ந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1994-இல் அங்கே யுவியைடிஸ் நோயாளிகள் கூட்டமாக வந்தார்கள். காரணம் எலிக்காய்ச்சல் கிருமி.

கண்ணீரிலும் ஒரு குறி

தன்னெதிர்ப்பு நோய்களில் ஒன்றான ஸ்யோக்ரன் நோயில் கண் வறண்டு உறுத்தும். கண்ணீரில் எம்.எம்.பி.-9 என்ற நொதி மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமைத் தொட்டால் பரிசோதனைப் பட்டையில் கோடு விழும், பத்தே நிமிடம். இந்தக் கோடு அழற்சியைத்தான் சொல்கிறது, ஸ்யோக்ரனை அல்ல.

சிவக்காத கண்

எனக்கு அதிகம் கவலை தருவது மூட்டுவாதம் உள்ள சின்னக் குழந்தைகள். யுவியைடிஸ் வந்தாலும் இவர்களுக்குப் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. உள்ளே புரையும் கண் அழுத்தமும் வளர்ந்துகொண்டிருக்கலாம். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்து, ஏழு வயதுக்குள் மூட்டுவாதம் தொடங்கிய குழந்தைக்கு ஆபத்து கூடுதல். குழந்தை ‘நல்லாத் தெரியுது’ என்று சொன்னாலும், முதல் சில ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் முன் உட்கார வைத்தாக வேண்டும்.