பேச்சு போனால் புத்தியும் போய்விடுமா?

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் படுக்கையருகே நின்று, "இவருக்கு இனி ஒன்றும் புரியாது" என்று உறவினர்கள் பேசுவதுண்டு. பல வேளைகளில் அது தவறு.

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் 21 ஆண்டுகள் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே அவருடைய பதில். ஆனால், பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. கையசைத்துப் பதில் சொல்வார். 1861-இல் அவர் இறந்ததும் டாக்டர் பால் புரோக்கா அவரது மூளையைச் சோதித்தார். இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி சிதைந்திருந்தது.

1874-இல் ஜெர்மானிய டாக்டர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நிலையை விளக்கினார். இடப்பக்கக் காதுக்கு மேல், சற்றுப் பின்னால் உள்ள பகுதி பாதிக்கப்பட்டவர்கள் தடையின்றிப் பேசுவார்கள். பேச்சில் பொருள் இருக்காது. பிறர் பேசுவதும் விளங்காது.

இவ்விரு பகுதிகள் மட்டுமே மொழியை ஆள்வதில்லை. நரம்பிழைகளால் இணைந்த பல பகுதிகள் சேர்ந்தே இயங்குகின்றன என்பது இன்றைய தெளிவு.

ஆகவே, பேச்சிழந்தவரிடம் சத்தம் போட வேண்டாம். பழுது காதில் இல்லை. சிறு வாக்கியமாகப் பேசுங்கள். "தேநீர் வேண்டுமா?" என்று, தலையசைத்துப் பதில் தரும்படி கேளுங்கள். சொல்லைத் தேடும்போது அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பேச முடியாத சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவதும் உண்டு. பேச்சுப் பயிற்சியும் கைகொடுக்கும்.

ஒருவருக்குத் திடீரெனப் பேச்சு குழறினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.