பழைய போர்ப் பதக்கங்கள்



உத்தமபாளையத்திலோ, சின்னமனூரிலோ, கூடலூரிலோ உங்கள் பாட்டனார் வீட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிலப் பத்திரங்களுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருக்கக்கூடும். அதனுள் காசு போன்ற வட்டமான பொருளொன்று, நிறம் மங்கிய நாடாவுடன் கிடைக்குமாயின், அது பெரும்பாலும் போர்ப் பதக்கமே. அதனை இனங்காண்பது எவ்வாறு, அதன் மதிப்பு யாது என்பவை பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இதனைப் பேச எனக்குள்ள தகுதி, அத்தகைய ஒன்றை இழந்தவன் என்பதுதான். 1980ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு திருமணச் செலவு. பாட்டியார் தம் கணவரின் வெள்ளிப் பதக்கத்தை என் கையில் கொடுத்து, கடையில் போட்டு வரச் சொன்னார். அவ்வாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை உச்சத்தை எட்டியிருந்தது. இங்கிலாந்திலேயே இத்தகைய பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்ட காலம் அது. கடைக்காரர் நாடாவைக் கழற்றி என்னிடமே தந்துவிட்டுப் பதக்கத்தை எடை போட்டார். அந்த நாடா இன்றும் என் மேசையில் இருக்கிறது. நடுவே ஆரஞ்சு நிறம், இரு புறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம்.

அந்த நாடாவைக் கொண்டே பின்னாளில் அது எந்தப் பதக்கம் என்று அறிந்தேன். முதல் உலகப் போரில் பணியாற்றியோர்க்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரைமீது ஒரு வீரன், 1914, 1918 என்னும் ஆண்டுகள். இவ்வகையில் வெள்ளியில் ஏறத்தாழ 65 லட்சம் அடிக்கப்பட்டன. அவ்வளவு எண்ணிக்கையில் உள்ள பொருளுக்குத் தனிச் சிறப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். பதக்கத்தை விளிம்போரமாகத் திருப்பிப் பாருங்கள். அங்கே வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கில எழுத்துகளில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். 65 லட்சத்தில் அந்தப் பெயருடையது அந்த ஒன்றுதான். நான் அந்த விளிம்பை ஒருமுறையேனும் பார்க்கவில்லை. 'பஸ்ராவுக்குப் போய் வந்தார்' என்னும் பாட்டியாரின் சொல்லைத் தவிர, என் பாட்டனார் எந்தப் படையில் இருந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இன்று யாதொரு சான்றும் இல்லை.

பஸ்ரா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மெசபொட்டேமியாப் போரில் மாண்டு, கல்லறை அறியப்படாதவர்களுக்காக அங்கே ஒரு பெரிய நினைவுச் சின்னம் உண்டு. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்களே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள், படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாடுகளுக்காகப் போர்க் கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில் மன்னிப்புக் கேட்டது. கல்லில் இடம் பெறாத அச்சிப்பாயின் பெயர் பதக்கத்தின் விளிம்பில் இடம் பெற்றிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உலோகத்தைக் கொண்டு மதிப்பிடுவோர் எளிதில் ஏமாறுவர். மேற்கூறிய பதக்கமே தொழிலாளர் படையினர் முதலியோர்க்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,10,000 மட்டுமே. தராசுத் தட்டில் அதற்கு விலை சொற்பம். ஆயினும் சேகரிப்போர் வெள்ளியைவிட அதனையே விரும்பித் தேடுவர். அதன் துணையாக வரும் வெற்றிப் பதக்கமும் வெண்கலமே; இறக்கை விரித்த வெற்றித் தேவதையும் வானவில் நிற நாடாவும் அதன் அடையாளங்கள். இரண்டாம் உலகப் போரின் இந்தியச் சேவைப் பதக்கமோ வெள்ளி போலப் பளபளக்கும். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அதன் பின்புறத்தில் இந்தியாவின் வரைபடம் உண்டு. ஆறு முனைகளையுடைய மஞ்சள் நிற நட்சத்திரம் கிடைத்தால் பித்தளை என்று தள்ளிவிடாதீர்கள். நடு வட்டத்தைச் சுற்றிப் பர்மா, ஆப்பிரிக்கா என்று போர்க்களத்தின் பெயர் இருக்கும். இந்நட்சத்திரங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டன. இந்திய வீரர்களுக்கு வழங்கியவற்றில் பலவற்றின் பின்புறம் பெயர் உண்டு. எனவே நம் வீட்டு நட்சத்திரம் ஆராய்ச்சிக்கு அதிகம் உதவும்.

வேடிக்கையான பதக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1947 விடுதலைப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் அசோகச் சிங்கங்கள். மறுபக்கத்தில் அசோகச் சக்கரத்தின் மேல் ஆங்கில மன்னரின் முடி! நாடா மட்டும் காவி, வெள்ளை, பச்சை.

சில பதக்கங்களில் நாடாவின் குறுக்கே சிறு பட்டை பூட்டியிருக்கும். அது குறிப்பிட்ட ஒரு சண்டையின் பெயரைக் கூறும். பட்டைக்கேற்ப மதிப்பும் மாறும். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை நம் பள்ளத்தாக்கில் அறியாதார் இல்லை. அவருடைய தந்தையாரும் தமையனாரும் 1849 சனவரி 13ஆம் நாள் சிலியான்வாலாப் போரில் ஒரே நாளில் மாண்டனர். அப்போரின் பெயர் தாங்கிய பட்டை, பஞ்சாப் பதக்கத்தில் உண்டு.

போலிகளும் உலவுகின்றன. பெயர் இல்லாத நட்சத்திரங்களையே போலி செய்வது எளிது. மெய்யான பதக்கத்திலும் பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயரைப் பொறிப்பதுண்டு. அவ்வாறு செய்திருந்தால் குறுக்களவு சற்றுக் குறையும். எழுத்துகளும் அச்சில் அழுத்தியவைபோல் சீராக இரா. ஒரே வீரனின் பதக்கங்கள் பிரியாமல், படையிலிருந்து விடுவித்த சான்றிதழுடன் இருப்பின் மதிப்பு மிகும். அச்சான்றிதழில் தேனி மாவட்டத்தைத் தேடாதீர்கள். அக்காலத்து மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா என்றே இருக்கும்.

பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுப் பதக்கத்தைத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்து மன்னரின் மூக்கையே கரைத்த வீடும் எனக்குத் தெரியும். மூக்குப் போனால் போகட்டும், விளிம்பெழுத்துப் போய்விடக்கூடாது. மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இன்று அவ்வயதைக் கடந்துவிட்டன.

பெட்டியில் ஏதேனும் கிடைத்தால், விலை கேட்கப் புறப்படும் முன்னர் ஒரு மெல்லிய தாளை விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்தும் தாளில் எழும். அந்தத் தாளில் தேதியிட்டு, வீட்டுப் பெரியவர் நினைவில் உள்ளதையும் கேட்டு அதன் கீழே எழுதி வையுங்கள்.